எண்பத்து நான்கு கிலோவும் இரண்டு திருகாணிகளும்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்டால் சொல்ல மாட்டாய்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்திருப்பாய். போனில் கடைசியாக மூன்று தடவை பேசினோம். மூன்று தடவையும் நான் "எப்படா வர்றே?" என்று கேட்டேன், நீ "சிக்னல் சரியில்லக்கா" என்று வைத்துவிட்டாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். கோபம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன், சிரிக்காதே. நான் ரோடு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் இதெல்லாம் தேவையா என்று உன் அத்தான் கேட்டாகிவிட்டது, நீ புதிதாகக் கேட்க வேண்டாம். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வரும் ஒரு நர்ஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாறு பெண்களோடு ஓட்டுகிறாள். அவள் கண்ணாடியின் மூக்குப் பகுதியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "நீங்களும் வாங்களேன், நாள் பூரா குனிஞ்சே உக்காந்திருக்கீங்க" என்றாள். ஒரு நாள் போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். நான்கு மாதம் ஆகிறது, ஒரு ஞாயிறுகூட விடவில்லை.

மே மாதம் முதல் ஞாயிறு நீர்த்தேக்கத்து மலைக்குப் போகிறோம். பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம். நீ பழகியதும் பந்தயம் ஓட்டியதும் அதே சாலைதான். மற்றவர்கள் எல்லோரும் காலணியோடு பூட்டிக்கொள்ளும் பெடல் போட்டிருக்கிறார்கள். நான் மட்டும் சாதாப் பெடலில் வழுக்கி வழுக்கி மிதிக்கிறேன். அந்தப் பூட்டுப் பெடலில், இருப்பதிலேயே எடை குறைந்தது எது என்று சொல். கடைக்காரர் ஏழெட்டுப் பெயரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார், எனக்குத் தலை சுற்றுகிறது.

நீ விழுந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு உன்னிடம் சைக்கிள் என்ற வார்த்தையை நான் எடுத்ததே இல்லை. இந்த ஒன்பது வருஷத்தில் நீ இந்த வீட்டுக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிட்டாய். நான் கேட்பது பிடிக்கவில்லை என்றால் பதில் போடாதே. இல்லை, பிடிக்காவிட்டாலும் போடு.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

சைக்கிள் பேச்சை நான் விட்டு நாளாகிறது. என்னுடையது சுவரில் ஆணியில் தொங்குகிறது, ஹேண்டில்பாரில் துண்டு காயப்போடுகிறேன். ஆனாலும் நீ யார் பேச்சையாவது கேட்டு எதையாவது மாட்டிக்கொண்டு நடுரோட்டில் சாய்வதைவிட நான் எழுதிவிடுவது நல்லது.

நீ சொல்லும் பெடலுக்குப் பெயர் கிளிப்லெஸ். கிளிப் இல்லாதது என்று பெயர் வைத்துவிட்டு, காலைக் கவ்விப் பிடிப்பதே வேலையாக வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்காதே, அது பழைய கதை. காலணியின் அடியில் க்ளீட் என்று ஒரு பிளாஸ்டிக் கட்டையைப் பூட்ட வேண்டும். அதன் மூக்கைப் பெடலுக்குள் கொடுத்து அழுத்தினால் டக்கென்று மாட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். மேலே இழுத்தால் கழலாது. பயந்துபோனவர்கள் எல்லோரும் மேலே இழுப்பார்கள், அப்படியே விழுவார்கள்.

இருப்பதிலேயே எடை குறைந்தது வேண்டும் என்கிறாய். பெட்டியில் போட்டிருக்கும் எடை ஒன்று, தராசில் காட்டும் எடை வேறு. நாள் முழுக்க ஊர் ஊராகப் போய்த் தராசுகளைச் சரிபார்க்கிறவன் சொல்கிறேன், அட்டையில் அச்சடித்ததை நம்பாதே. மேலும், மிகவும் எடை குறைந்தவற்றின் அச்சு டைட்டானியம். அதற்கு ஒரு வரம்பு உண்டு. எண்பது கிலோவுக்கு மேற்பட்டவர்கள் ஏறக்கூடாது. ஆகவே உன் எடை தெரிய வேண்டும். உன் பழைய செருப்பில் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்றும் எழுது, நீ நடக்கும்போது குதிகால் எப்படிப் போகிறது என்று அதில் தெரியும். முழங்கால் வலி உண்டா? போகிற வழியில் எத்தனை சிக்னல்? இரண்டு காலையும் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வரையாதே, எழுந்து நின்று வரை.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான், "இது கடிதமா, விண்ணப்பப் படிவமா?" என்றார். எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே என்று இரண்டு தடவை படித்தேன்.

கால் படம் இத்துடன் இருக்கிறது. வீட்டில் பெரிய தாள் கிடைக்கவில்லை, கடையில் கிழிந்துபோன கண் பரிசோதனை அட்டையின் பின்பக்கம் வரைந்தேன். நடுவில் கூச்சம் தாங்காமல் சிரித்துவிட்டேன், அதனால் சுண்டுவிரல் இரண்டாக இருக்கும். செருப்பு இரண்டும் உள்பக்கம் தேய்ந்திருக்கிறது, இடது கூடுதல். ஏற்றத்தில் இடது முழங்கால் கொஞ்சம் முனகும். சிக்னல் வழியில் ஒன்பது. எடை அறுபத்தெட்டு.

சாதாப் பெடலைக் கழற்றிப் பழகலாமென்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். வலது பக்கம் சுலபமாக வந்துவிட்டது. இடது பக்கத்தோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டினோம். அத்தான் ஸ்பேனர் மேல் ஏறியே நின்றுவிட்டார். அப்புறம்தான் நர்ஸ் போனில் சொன்னாள், இடது பெடலுக்கு மரை தலைகீழாம். இருபத்திரண்டு வருஷமாகத் திருகாணியிலேயே பிழைக்கிறவள் நான், எனக்கே இந்தக் கதி. இவ்வளவு நேரமும் அதை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்!

ஒன்று கேட்க வேண்டும். நர்ஸின் பெடலில் பின்பக்கம் ஒரு சின்னத் திருகாணி இருக்கிறது. அது எதற்கு? அதைத் தெரியாமல் யாராவது முழுக்கத் திருகிவிட்டால் என்ன ஆகும்? எனக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மே முதல் ஞாயிறுக்கு நீ வந்தால் நன்றாக இருக்கும். ஓட்டாவிட்டால் போகிறது, மேலே காரில் வந்து நில்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

சனிக்கிழமை இங்கே இருக்கும் பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். என் கைத்தராசையும் கொண்டுபோனேன். கடைக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே பெட்டி பெட்டியாக எடுத்துவைத்து வேடிக்கை பார்த்தார். டைட்டானியம் ஜோடி பெட்டியில் 190 கிராம், தராசில் 197. கார்பன் உடலும் எஃகு அச்சும் உள்ளது 243. சாதாரண பிளாஸ்டிக் 318. மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டேன். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு சைக்கிள் கடை வாசனை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை, எழுதியாயிற்று.

உன் கால் உள்பக்கம் சாய்கிறது, முழங்கால் முனகுகிறது. அதனால் குதிகால் தாராளமாக ஆட இடம்விடும் க்ளீட்தான் வேண்டும். அசையாமல் பூட்டுகிற வகையை வாங்கினால் ஒரே மாதத்தில் முழங்கால் போய்விடும். ஒன்பது சிக்னல் என்றால் சட்டென்று கழலவும் வேண்டும்.

இனி அந்தத் திருகாணி. ஒரு பெடலுக்கு ஒன்று, ஜோடிக்கு இரண்டு. உள்ளே இருக்கும் சுருள்வில்லை அது அழுத்துகிறது. வலப்பக்கம் திருகினால் பிடி இறுகும், இடப்பக்கம் திருகினால் தளரும், ஒவ்வொரு படிக்கும் கிளிக் என்று சத்தம் வரும். முழுக்கத் திருகிவிட்டால் குதிகாலை எவ்வளவு திருப்பினாலும் கால் வராது. அன்றைக்கு எனக்கு நடந்தது அதுதான். பெடல் கழலவில்லை, விழுந்தேன். உனக்குத்தான் தெரியுமே.

எடை விஷயம். அறுபத்தெட்டு என்பது உன் கல்யாணத்தன்றைய எடை. எடை பார்ப்பது என் தொழில் அக்கா, என்னிடமேவா? தராசில் ஏறி நின்று, உண்மையான எண்ணை எழுது. அதுவரை பெடல் கிடையாது.

மே மாதம் வேலை இருக்கும்.

தம்பி


பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

என் எடை எண்பத்து நான்கு.

ஒரு உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று இருக்கிறது. இந்தக் கடிதப் போக்குவரத்தை நான் ஆரம்பித்ததே அதைச் சொல்லத்தான். பெடல் வேண்டும் என்பது பொய்யில்லை, ஆனால் பாதிதான்.

பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நீ எங்கள் வீட்டில் தங்கினாய், நினைவிருக்கிறதா? சைக்கிளை நடையில் சாய்த்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். கம்பியெல்லாம் தூசியாக இருக்கிறதே என்று லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துத் துடைத்தேன். பெடலைத் துடைக்கும்போது அந்தத் திருகாணி கையில் பட்டது. லூசாக இருந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், லூசான திருகாணியைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கண்ணாடியைக்கூடக் கழற்றி வாங்கித் திருகிக் கொடுத்தவள்தானே நான். உன் சீட்டுக்கு அடியில் தொங்கும் பையில் இருந்த திருகாணிச் சாவியை எடுத்தேன். இரண்டு பெடலிலும், இனிமேல் திரும்பாது என்கிறவரை திருகினேன். நாளைக்குத் தம்பிக்குப் பெரிய பந்தயம், எதுவும் கழன்று விழக்கூடாது என்று நினைத்துத்தான் திருகினேன். சாவியைத் திரும்ப வைத்துவிட்டு உனக்குத் தோசைக்கல்லைப் போடப் போய்விட்டேன், உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நீ கையில் கட்டோடு படுத்துக்கொண்டு, "பெடல் கழலலக்கா" என்றாய். அந்த ஒரு வார்த்தையில் நான் திருகிய திருகாணி எனக்கு நினைவு வந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அப்புறம் ஒவ்வொரு மாதமும் சொல்லலாம் என்று நினைத்து, அடுத்த மாதத்துக்குத் தள்ளினேன். நீ சைக்கிள் அணித் தேர்வுக்குப் போகவில்லை, சைக்கிளை விட்டாய், வேறு ஊருக்கு வேலை வாங்கிக்கொண்டு போனாய். நீ வந்த இரண்டு தடவையும் உன் முழங்கை நேராக நீளாததைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். திருகாணி எதற்கு என்று உன்னிடம் கேட்டது, ஒருவேளை அது வேறு எதற்கோ இருக்கலாம் என்ற நப்பாசையில்தான். நீ தெளிவாக எழுதிவிட்டாய்.

அன்றிலிருந்து கடையில் யார் கண்ணாடியையும் கேட்காமல் தொடுவதில்லை. "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன். திருகாணி போடச் சொல்லிக் கொண்டுவந்து நீட்டுகிறவர்களிடமும் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. தெரிந்துகொள், அவ்வளவுதான்.

அக்கா


ஏப்ரல் 2

தம்பிக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தாலே நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். நேற்று அவரே, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சைகை காட்டிவிட்டுப் போனார். பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது.

பதில் போட வேண்டும் என்று எழுதவில்லை. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஒன்பது வருஷக் கோபத்தை ஐந்து வாரத்தில் முடி என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று தெரியாமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது. ஒரு வெற்றுத் தாளையாவது உறையில் போட்டு அனுப்பு. உன் கையெழுத்தில் முகவரி இருந்தால் போதும்.

மலைக்கு நான் சாதாப் பெடலிலேயே போகிறேன். போன ஞாயிறு பாதி ஏற்றம் வரை போய்ப் பார்த்தோம். கால் நான்கு தடவை வழுக்கியது, கெண்டைக்காலில் ஒரு கீறல். மற்றபடி பரவாயில்லை. உன் தராசு, உன் கடைக்காரர், 197 கிராம் எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். "உங்க தம்பிய ஒருநாள் கூட்டிட்டு வாங்க" என்றாள் நர்ஸ். சரி என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் இதைப் படித்துவிடு: நான் விழுந்தது உன் திருகாணியால் இல்லை.

இந்த வரியை ஆறு தாளில் எழுதிக் கிழித்தேன், ஏனென்றால் இதற்கு அடுத்த வரியை எழுத வேண்டியிருந்தது. இப்போது எழுதுகிறேன். பெடல் கழலவில்லை என்று நான் சொன்னது பொய்.

பந்தயம் தொடங்கும் இடத்தில் பத்துத் தடவை மாட்டிக் கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு முதல் தடவையே கால் வரவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினேன். சாவியை எடுத்து இரண்டு பக்கமும் பன்னிரண்டு கிளிக் தளர்த்தினேன், பத்துத் தடவையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். எங்கள் சைக்கிள் கிளப் மெக்கானிக்தான் விளையாடிவிட்டான் என்று நினைத்து, அவனை எல்லோர் முன்னாலும் கண்டபடி திட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவனோடு பேசவே இல்லை. நீ செய்தது தப்பில்லை என்று சொல்ல மாட்டேன், தப்புதான். கம்பி பக்கத்தில் இல்லாவிட்டால் அங்கேயே சாய்ந்திருப்பேன். ஆனால் என் முழங்கையை உடைத்தது அது இல்லை.

ஏற்றத்தில் நான் முதல் ஐந்து பேரில் இருந்தேன். எனக்கு இறக்கம் என்றால் பயம் அக்கா. எப்போதுமே பயம். கிராம் கிராமாக எடையைக் குறைத்து ஏற்றத்தில் முன்னால் போனதெல்லாம், இறக்கத்தில் பின்தங்குவது வெளியே தெரியக்கூடாது என்றுதான். அன்று சாலை ஈரமாக இருந்தது. ஏழாவது வளைவில் ஒருவன் என்னை உரசிக்கொண்டு போனான். ஓரமாக நிறுத்தினேன். இரண்டு காலும் வெண்ணெயாகக் கழன்று வந்தன. இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அடியில் க்ளீட் பூட்டிய காலணியோடு ஈரக் கல்லில் நடப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சீக்கிரமே தெரியும். நாலாவது அடியில் வழுக்கிச் சாலையோர ஓடைக்குள் போய் விழுந்தேன். முழங்கை அங்கேதான் உடைந்தது. நான் சைக்கிளிலிருந்து விழவில்லை, நடந்துபோகும்போது விழுந்தேன்.

தூக்க வந்தவர்கள், "என்னாச்சு, பெடல் கழலலயா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வாய்க்கு அதுதான் சுலபமாக வந்தது. அப்புறம் உன்னிடமும் அதையே சொன்னேன். நீ என் கையைப் பார்த்து அடுப்படிக்கு ஓடிய இரண்டு தடவையும், நான் சொன்ன பொய்யை நம்பி இவள் எனக்காக அழுகிறாளே என்று வெட்கமாக இருந்தது. அதனால்தான் நாற்காலி நுனி. அந்தப் பொய் உன் தலையில் போய் உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். என்னை நீதான் மன்னிக்க வேண்டும்.

ஐந்து வாரம் என்ன செய்தாய் என்று கேட்பாய். இரண்டு வாரம் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் அந்த மெக்கானிக்கைத் தேடிப் போனேன். சொந்தக் கடை வைத்திருக்கிறான், தொப்பை போட்டிருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "ஒன்பது வருஷம் கழிச்சு வந்து சொல்றியே, அந்தத் திருகாணியத் திருகின மகராசி யாருடா?" என்று கேட்டான். உன்னைப் பார்க்க வேண்டுமாம். என் சைக்கிளை ஆணியிலிருந்து இறக்கிக் கொண்டுபோனேன். டயர் இரண்டும் வெடித்துப்போயிருந்தன, புதிதாகப் போட்டுக் கொடுத்தான். தினமும் காலையில் ஆஸ்பத்திரிச் சாலை வரை ஓட்டுகிறேன். மேம்பாலத்து இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டுதான் வருகிறேன், பால் வண்டிக்காரர்கூட முந்திப் போகிறார்.

உனக்குப் பெடல் வாங்கிவிட்டேன். டைட்டானியம் இல்லை. எண்பத்து நான்குக்கு அது ஆகாது. கார்பன் உடல், எஃகு அச்சு, 243 கிராம். அந்த நாற்பத்தாறு கிராம் பெரிய விஷயமில்லை, பாட்டிலில் ஒரு வாய் தண்ணீரைக் குறைத்து நிரப்பிக்கொண்டு ஏறு, சரியாகிவிடும். குதிகால் நன்றாக ஆடும் க்ளீட். நடப்பதற்கு அதன்மேல் போடும் ரப்பர் உறை இரண்டு ஜோடி, ஒன்று எனக்கு. வந்துதான் மாட்டுவேன். அத்தான் இடது பக்கத்தைத் தொட வேண்டாம்.

ஏப்ரல் முப்பது சாயங்கால ரயிலில் வருகிறேன். நான்கு நாள் லீவு போட்டிருக்கிறேன். உள்அறைக் கட்டிலைத் தயார் செய்து வை. ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் கூட்டத்தோடு நானும் மலை ஏறுகிறேன். இறக்கத்தில் நீங்கள் முன்னால் போய்க் கீழே காத்திருங்கள். ஏழாவது வளைவில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவேன், யாராவது கேட்டால் பயமாக இருக்கிறது என்றே சொல்வேன்.

இன்னொன்று. என் பெடலின் இரண்டு திருகாணியையும் முழுக்கத் தளர்த்திக் கொண்டுவருகிறேன். சைக்கிளை நடையில், பழைய இடத்திலேயே சாய்த்துவிட்டுக் குளிக்கப் போவேன். மூன்று மில்லிமீட்டர் சாவி சீட்டுப் பையில் இருக்கும். வலப்பக்கம் நான்கு கிளிக், அதற்கு மேல் வேண்டாம். என்னிடம் தொடலாமா என்று கேட்காதே.

உன் தம்பி